கடைசியாக வந்தவர்களுக்கு முதல் பையன்

என் மகனை ஒரு பஞ்சாலை தோற்று ஜெயித்தது. இப்படி ஒரு வாக்கியத்தை என் வகுப்பில் யாராவது எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருப்பேன். ஆனால் நடந்தது அதுதான். கேள்விக்குறியை எங்கே போடுவது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.

நான் மாட்டுங்காவில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் கற்பிக்கிறேன். கணவர் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. எங்களுக்கு ஒரே பையன். அவனும் எங்கள் இரு குடும்பங்களுக்கும் சம்பந்தமில்லாத உயரத்துக்கு வளர்ந்துவிட்டான். எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் கொடியில் துணி போட ஒரு நீளக் கம்பு உண்டு. எங்கள் வீட்டில் கம்பு கிடையாது. அவன் இருந்தான். பக்கத்து வீட்டு மாமிகள்கூட அவனைத்தான் கூப்பிடுவார்கள். மடித்துணியை மட்டும் தொடவிட மாட்டார்கள். மற்றதெல்லாம் அவன் பொறுப்பு.

அந்த உயரம் படிப்புக்கு ஓர் உதவியும் செய்யவில்லை. இண்டர் சயன்ஸில் தவறினான். மறுபடி எழுதினான், அதே உறுதியோடு மறுபடி தவறினான். எங்கள் ஜனங்களுக்கு இந்த வியாதிக்கு ஒரே மருந்துதான் தெரியும். “டைப்ரைட்டிங் போடுங்கோ” என்றார்கள். போட்டோம். பையன் ஒரு விரலை வைத்தால் மூன்று எழுத்து அழுந்துகிறது என்று இன்ஸ்டிட்யூட்காரரே வருத்தத்தோடு சொல்லி அனுப்பிவிட்டார்.

அவனுக்கு வந்தது கூடைப்பந்து ஒன்றுதான். நல்லவேளையாக, பம்பாய் ஆபீஸ்களுக்கு அப்போது ஒரு விசித்திரமான பெருந்தன்மை இருந்தது. பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றும் ஓர் அணி வைத்திருந்தன. அணிக்கு ஆள் வேண்டும், ஆளைப் பிடித்துவைக்க வேலை கொடுக்க வேண்டும். பந்தைக் கூடையில் போடத் தெரிந்தவனுக்கு வவுச்சரை ஃபைலில் போடவும் தெரியும் என்பது அவர்கள் சித்தாந்தம். நான் அதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் ஒரு வங்கியின் அணி தினமும் பயிற்சி செய்யும். அதன் மேனேஜர் மங்களூர்க்காரர், பேச்சில் சிக்கனமானவர். என் பையன் ஆடுவதைச் சில நாள் பார்த்துவிட்டு, சீசன் முடிந்ததும் குமாஸ்தா வேலை தருவதாகச் சொன்னார். நிரந்தர வேலை, பிராவிடண்ட் ஃபண்ட், உட்கார நாற்காலி. நான் எந்தச் சாமிக்கும் எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை. அவ்வளவு நிச்சயமாக இருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து பக்கத்துக் கட்டடத்து மாமா அமெரிக்காவைக் கண்டுபிடித்தார்.

அவர் ஆபீஸ் லீக்கின் செயலாளர். கப்பல் ஏஜென்சி ஒன்றில் உத்தியோகம். மாலுமிகள் படித்துவிட்டுப் போட்டுப்போன அமெரிக்கப் பத்திரிகைகளை வீட்டுக்கு எடுத்துவருவார். ஆபீஸ்கள் ஒன்றின் ஆட்டக்காரனை மற்றொன்று காப்பி வாங்கிக்கொடுத்துக் கடத்திக்கொண்டு போவதில் மனம் வெறுத்திருந்தவருக்கு, அந்தப் பத்திரிகைகளில் ஞானம் கிடைத்தது. அந்தச் சீசன் முடிந்ததும் நம் லீக்கிலும் அதையே நடத்தப்போவதாகச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் உட்கார்ந்து அதை எனக்கு உபதேசித்தார்.

“மாமி, இது ரொம்ப சிம்பிள். அங்கே யாரும் யாரையும் திருடப்படாது. வருஷா வருஷம் காலேஜ் முடிக்கிற பசங்க பேரையெல்லாம் வச்சுண்டு, ஒவ்வொரு டீமா கூப்பிட்டு, முறை வச்சு ஒருத்தனை எடுத்துக்கோன்னு சொல்வா. முடிஞ்ச சீசன்ல கடைசியா வந்தவாளுக்கு முதல் சான்ஸ்.”

“கடைசியா வந்தவாளுக்கா?”

“ஆமாம். ஜெயிச்சவாளுக்குக் கடைசி. அப்பத்தானே தோத்தவாளும் மேல வருவா? பாலன்ஸ்.”

“அப்போ என் கிளாஸ்ல கடைசி ராங்க் பொண்ணுக்கு, முதல் ராங்க் பொண்ணோட மூளையைக் கொடுத்துடலாம்.”

“கரெக்ட். டீச்சர் இல்லையா, டக்குனு புரிஞ்சுக்கறேள்.”

“எடுத்த டீம் பையனுக்குப் பிடிக்கலேன்னா?”

மாமா காப்பியை ஆற்றினார். இந்தக் கேள்வியை அமெரிக்காவில் யாரும் கேட்டதாக அவர் படிக்கவில்லை போலிருக்கிறது.

“எடுத்தா எடுத்ததுதான் மாமி. வேற டீமுக்கு ஆட முடியாது. வேணும்னா ஆடாம ஆத்துல இருக்கலாம்.”

பெண் பார்க்க வருகிறவர்கள்கூட ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்றாவது சொல்வார்கள். இங்கே அதுவும் கிடையாது.

பத்திரிகைகளை வாங்கி நானே படித்தேன். காசு வாங்கிக்கொண்டு ஆடும் அணிகளின் சங்கம் அது. ஆரம்ப காலத்தில் பாதி நாற்காலி காலியாகத்தான் ஆட்டம் நடக்குமாம். பணக்கார அணி ஒன்றே நல்லவர்களையெல்லாம் வளைத்துப்போட்டால் மற்ற ஊர்க்காரன் டிக்கெட் வாங்கமாட்டான் என்ற பயத்தில் பிறந்த தர்மம் இந்தக் கடைசிக்கு முதல் மரியாதை. சுற்றுச் சுற்றாகக் கூப்பிட்டுக்கொண்டே போவார்கள், ஒவ்வொரு அணியும் போதும் என்று சொல்லும்வரை. பின்சுற்றுகளில், கண்ணால் காணாத பையன்களைப் பெயரை மட்டும் வைத்து எடுப்பதும் உண்டு. எடுக்கப்பட்டவர்களில் பலர் ஒரு நாளும் ஆடியதில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் என் கண்ணில் பட்டது ஒரே ஒரு விதி. ஓர் அணி தன் ஊர்ப் பையன் ஒருவனை, வரிசை தொடங்குவதற்கு முன்பே தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்குத் தன் முதல் சுற்று வாய்ப்பை விட்டுவிட வேண்டும். உள்ளூர்ப் பையன் ஆடினால் உள்ளூர் ஜனம் டிக்கெட் வாங்கும் என்ற கணக்கு. மிக உயரமான ஒருவன் வேறு மாகாணத்துக்குப் போய்க் காலேஜ் படித்தபோதுகூட, அவன் பள்ளிக்கூடம் போனது தங்கள் ஊரில்தான் என்று சொல்லி ஓர் அணி அவனைக் கேட்டு வாங்கியிருக்கிறது. நம் மாமா மற்ற விதிகளோடு இதையும் ஒரு புள்ளி மாறாமல் எடுத்துவைத்திருந்தார்.

எனக்கு உயிர் வந்தது. வங்கி அந்தச் சீசனில் முதலிடத்தில் இருந்த அணி, ஆகவே அதன் முறை கடைசி. அதுவரை என் பையன் மிஞ்சமாட்டான். ஆனால் வங்கியின் மைதானம் மாட்டுங்காவில். பையன் பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, பரீட்சையில் தவறியது எல்லாம் மாட்டுங்காவில். இவனைவிட உள்ளூர் என்றால் மாட்டுங்கா ஸ்டேஷனைத்தான் சொல்ல வேண்டும்.

மங்களூர்க்காரரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். வங்கி உரிமை கோரியது.

கோரிய செய்தி பரவியதும் கீழே இருந்த அணிகள் விழித்துக்கொண்டன. பரேலில் ஒரு பஞ்சாலையும், ஒரு பெயிண்ட் கம்பெனியும் கடைசி இடத்துக்கு அருகில் இருந்தன. உரிமை கிடைக்காவிட்டால் உயரப் பையன் கடைசி அணிக்குத்தானே? சீசனின் இறுதியில் அந்த இரண்டும் மோதின. அப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. பந்து கிடைத்தவன் அதை எதிரியிடம் பணிவோடு கொடுத்தான். எதிரி பதறிப்போய்த் திருப்பிக் கொடுத்தான். கூடைக்கு நேர் கீழே தனியாக நின்ற ஒருவன் வேறு வழியில்லாமல் எறிந்து, அது உள்ளே விழுந்துவிட, பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் அவனைத் திட்டித் தீர்த்தார்கள். பஞ்சாலை கை தட்டியது. முதலில் வேண்டுமென்று தோற்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. வெப்பம் என்று நினைத்தேன்.

“எனக்காகத் தோக்கறாம்மா” என்றான் பையன், காது சிவந்து.

அவனுக்காக யாரும் எதையும் அவ்வளவு சிரத்தையாகச் செய்ததில்லை. பஞ்சாலை தோற்றது.

அந்தப் பஞ்சாலை ஆட்டக்காரர்களுக்குக் கொடுப்பது ‘பதலி’ வேலை. நிரந்தரத் தொழிலாளி யாராவது வராத நாளில் அவன் இடத்தில் நிற்பது. வந்துவிட்டால் திரும்பிப் போவது. தினமும் காலையில் கேட்டில் போய் நின்று, இன்று யாருக்காவது ஜுரமா என்று பார்க்க வேண்டும். வங்கி நாற்காலிக்கும் இதற்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு விதி மட்டும்.

பஞ்சாலை ஆட்சேபித்ததால், வங்கியின் உரிமை பற்றிய விசாரணை, ஸ்டேஷன் பக்கத்துக் காப்பி ஓட்டல் மாடியில் நடந்தது. மாமா, மங்களூர்க்காரர், பஞ்சாலையின் லேபர் ஆபீசர், நாங்கள் மூவர். கணவர் அன்று கோட்டு போட்டுக்கொண்டார். அது எனக்கு அபசகுனமாகப் பட்டிருக்க வேண்டும், படவில்லை. வழியெல்லாம் நான் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

“கேட்டா மாட்டுங்கான்னு சொல்லுங்கோ. வேற ஒண்ணும் பேச வேண்டாம்.”

“நேக்குத் தெரியாதா? நான் என்ன குழந்தையா?”

லேபர் ஆபீசர் நல்ல மனிதர். சிரித்த முகம். சர்க்கரையை இரண்டாம் முறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். நான் பிறந்த இடம், பள்ளிக்கூடம், அந்த உயரமான அமெரிக்கன் என்று வரிசையாக எடுத்துச் சொன்னதையெல்லாம் மரியாதையாகக் கேட்டார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, ரயிலில் எதிர் சீட்டுக்காரரை விசாரிப்பதுபோல் கேட்டார்.

“ஸாப், ஆப்கா காவ் கோன்ஸா?”

உங்கள் ஊர் எது. அவ்வளவுதான் கேள்வி.

“பால்காட்” என்றார் கணவர்.

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். காலை நகர்த்திக்கொண்டு தொடர்ந்தார். பாலக்காடு டவுன் இல்லையாம், உள்ளே போக வேண்டுமாம். ஆற்றங்கரையாம். கோயில் தேர் எந்த மாதத்தில் ஓடும், எந்த அரிசி அங்கே விளையும், வீட்டுப் பலா எத்தனை பெரிதாகக் காய்க்கும் என்று லேபர் ஆபீசருக்கு இங்கிலீஷில் எடுத்துரைத்தார். கையை விரித்துப் பலாப்பழத்தின் அளவையும் காட்டினார்.

என் கணவர் பிறந்தது தாதரில். அந்தக் கிராமத்துக்கு அவர் கடைசியாகப் போனது எங்கள் கல்யாணத்துக்கு. பலா மரம் சித்தப்பா பங்குக்குப் போய், அவர் அதை விற்றும் விட்டார். ஆனால் பம்பாயில் நம்மவர்களை எழுப்பி உட்காரவைத்து ஊர் எது என்று கேளுங்கள். பிறந்த ஊரைச் சொல்லமாட்டார்கள், இருக்கிற ஊரைச் சொல்லமாட்டார்கள். தாத்தா ரயிலேறிய ஊரைச் சொல்வார்கள். அது கேள்விக்குப் பதில் அல்ல, கோத்திரம் சொல்வதுபோல் ஓர் அனிச்சை.

“நீ சொல்லுடா” என்றேன் பையனிடம்.

“நான் மாட்டுங்கா ஸார். அங்கே நான் போனதே இல்லை.”

லேபர் ஆபீசர் அன்போடு சிரித்தார். “பேட்டா, அப்பாவோட காவ்தான் பிள்ளையோட காவ். நான் பரேல்ல பிறந்தவன். என் காவ் ரத்னகிரி பக்கம். நான் பரேல்காரன்னு சொன்னா என் அப்பா என்னை அடிப்பார்” என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். “உங்களுக்கு ஸாப்?”

“மங்களூர்” என்றார் எங்கள் பக்கத்து ஆள், வங்கிக்காரர், கொஞ்சம்கூட யோசிக்காமல்.

“கும்பகோணம்” என்றார் மாமா. யாரும் அவரைக் கேட்கவேயில்லை.

காப்பி கொண்டுவந்தவர் உடுப்பி. இந்த நகரத்தின் லட்சக்கணக்கான ஜனங்களில் அந்த அறைக்குள் உள்ளூர்க்காரன் என்று சொல்லிக்கொண்டது என் பையன் ஒருவன்தான். அதை நம்ப அங்கே ஆளில்லை. அந்த வருடங்களில் வெளியே சுவர்களிலும் இதே கேள்வியைப் பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்திருந்தார்கள்: யார் இந்த மண்ணைச் சேர்ந்தவர், யார் இல்லை. சுவருக்குப் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு போய்விடலாம். நாங்கள் கோட்டு போட்டுக்கொண்டு மாடியேறிப் போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தோம். இன்றும் யாராவது, “மாமிக்கு எந்த ஊர்?” என்று சாதாரணமாகக் கேட்டால் நான் காப்பி கொண்டுவர உள்ளே எழுந்து போய்விடுகிறேன்.

விதிப்படி உரிமை தள்ளுபடி என்றார் மாமா. அவருக்கும் வருத்தம்தான். ஆனால் பத்திரிகையில் இருப்பதை மீற அவருக்கு மனம் வரவில்லை.

படியிறங்கும்போது கணவர் கேட்டார், “என்ன, நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே?”

“இல்லை. பலாப்பழம் ரொம்ப நன்னா இருந்தது” என்றேன்.

தேர்வு நாளன்று மைதானத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி வேறு. மாமா எழுந்து, அமெரிக்காவில் நடப்பதுபோலவே நடக்கும் என்று அறிவித்தார். பையன்கள் ஓரமாக வரிசையில் நின்றார்கள். யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. எல்லோரும் அணிகளைப் பார்த்தார்கள்.

முதலில் பஞ்சாலையைக் கூப்பிட்டார்கள். லேபர் ஆபீசர் எழுந்து, ஒலிபெருக்கியில் வாயை வைத்து, “மாட்டுங்காவாலா லம்பு” என்றார். மாட்டுங்கா நெட்டையன். ஒரு வாரத்துக்கு முன்னால் அதே வாய்தான் அவனைப் பாலக்காட்டுக்கு அனுப்பியிருந்தது.

கை தட்டினார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கட்டடத்து மாமி ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்காத்துப் பையன் ஃபர்ஸ்டாமே! படிக்கலை படிக்கலைன்னு அழுதேளே, பாருங்கோ.”

“மாமி, முதல்ல எடுத்தது கடைசி டீம்.”

“எந்த டீமா இருந்தா என்ன? ஃபர்ஸ்ட் ஃபர்ஸ்ட்தானே.”

எங்கள் மனிதர்களுக்கு வாழ்க்கையில் தெரிந்த வரிசை ஒன்றுதான். அதில் முதலாவது என்றால் முதலாவது. என் கணவர் அதற்குள் பேடா வாங்கிவிட்டார். மாடி மாடியாக ஏறி, “பிள்ளை ஃபர்ஸ்ட்” என்று கொடுத்தார். பல வருடமாக இந்த வாக்கியத்தைச் சொல்லக் காத்திருந்த மனிதர், பாவம். யாரிடமும் மில் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. கடைசி முறையில் வங்கிக்குப் போன பையன், எங்கள் பின்கட்டடத்தில் இருப்பவன், வெட்கப்பட்டுக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குப் போனான். அவனுடைய அப்பா அவனைத் திட்டியது ஜன்னல் வழியே கேட்டது. “எல்லாரும் போனப்புறம் மிச்சம் மீதின்னு எடுத்திருக்கான் உன்னை.” அந்த மிச்சம் மீதி அடுத்த மாதத்திலிருந்து டை கட்டிக்கொண்டு ஃபோர்ட்டுக்குப் போகிறது.

பஞ்சாலைக்கு ஆட்டம் இருந்த நாட்களில் என் பையன் ராஜா. வண்டியில் கூட்டிப்போய், ஆம்லெட் வைத்த பாவ் ரொட்டி வாங்கிக்கொடுத்துக் கூட்டிவருவார்கள். இதை அவன் எங்களிடம் சொல்லவில்லை, வாசனை சொன்னது. ஆட்டம் இல்லாத நாட்களில் அவன் பதலி. விடிந்ததும் டிபன் டப்பாவோடு பரேல் பஸ் ஏறுவான். சில நாள் சாயங்காலம் வருவான். பல நாள் நான் பள்ளிக்குக் கிளம்பும் முன்பே திரும்பி வந்துவிடுவான், டப்பா திறக்காமல்.

ஒரு நாள் டப்பாவை மறந்துவிட்டுப் போனான். எனக்குப் பள்ளி விடுமுறை. எடுத்துக்கொண்டு நானே போனேன். மறந்த டப்பா ஒரு சாக்கு என்று சொன்னாலும் சரிதான்.

சங்கு ஊதி முடிந்திருந்தது. கேட்டுக்கு வெளியே பதலிகள் கூட்டமாக நின்றார்கள். என் பையனின் தலை மட்டும் எல்லோருக்கும் மேலே தெரிந்தது. முகாதம் ஒருவன், ஆட்களைப் பொறுக்கி உள்ளே அனுப்பும் மேஸ்திரி, சின்னக் கதவைத் திறந்துகொண்டு வந்து, பெட்டிமேல் ஏறி நின்று விரலை நீட்டினான். நீ, நீ, அந்த ஓரத்தில் நீ. அமெரிக்கப் பத்திரிகை எதுவும் படிக்காமலேயே இவர்கள் தினமும் காலையில் இதை நடத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒலிபெருக்கி மட்டும்தான் இல்லை.

பொறுக்கப்பட்டவர்கள் முகாதமைப் பார்த்து ஏதோ ஊர்ப் பேச்சில் கேலி செய்துகொண்டே உள்ளே போனார்கள். எல்லோருக்கும் ஒரே தாலுகா போலிருந்தது. கடைசியில் ஓர் இடம் மிச்சம் இருந்தது. முகாதம் புதியவன், என் பையனை அறியாதவன். அண்ணாந்து பார்த்தான்.

“துஜா காவ் குட்லா ரே?”

மராத்தி எனக்கு வராது. அந்தக் கேள்வி மட்டும் எந்த பாஷையில் கேட்டாலும் இப்போது புரியும். பால்காட் என்று சொல்லிவிடு, ஏதாவது ஒரு கிராமத்தைச் சொல்லிவிடு என்று வாய்க்குள் சொன்னேன்.

“மாட்டுங்கா” என்றான் என் பையன்.

கூட்டம் சிரித்தது. முகாதமும் சிரித்தான். “மாட்டுங்கா காவ் நஹீ ஹை ரே. ஸ்டேஷன் ஹை.” மாட்டுங்கா ஊரே இல்லையாம், ஸ்டேஷனாம்.

விரல் வேறு ஒருவனை நோக்கிப் போயிற்று. சின்னக் கதவு மூடிக்கொண்டது.

பையன் திரும்பியபோது என்னைப் பார்த்தான். டப்பாவை வாங்கிக்கொண்டான். பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே திறந்து, தயிர்சாதத்தைச் சாப்பிட ஆரம்பித்தான். பாதி ஆனதும் கேட்டான்.

“அம்மா, பாலக்காட்ல நம்ம கிராமத்துல பாஸ்கெட்பால் கோர்ட் இருக்கா?”

“அங்கே ரயிலே நிக்காதுடா.”

“அப்போ நான்தான் அங்கே ஃபர்ஸ்ட்” என்றான், ஊறுகாயைத் தேடிக்கொண்டு.

மாமாவுக்கு அதற்கு முந்தைய வாரம் புதிதாக ஒரு கட்டுப் பத்திரிகை வந்திருந்தது. உள்ளூர்ப் பையன் விதியை அமெரிக்காவில் எப்போதோ எடுத்துவிட்டார்களாம். மாலுமிகள் போட்டுப்போவது பழைய பத்திரிகை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. இப்போது அங்கே கடைசி இடத்து அணிகள் இரண்டும் காசு சுண்டிப் பார்த்து முதல் பையனை எடுக்கின்றனவாம். அடுத்த சீசனிலிருந்து நமக்கும் அதுதான் என்று, வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். நல்ல நாணயமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதை அவர் அக்கறை என்று எடுத்துக்கொண்டார்.

பஸ் வந்தது. பையன் வாசலில் குனிந்து ஏறினான். கண்டக்டர் என்னைப் பார்த்து, எங்கே என்றார்.

“மாட்டுங்கா, இரண்டு” என்றேன்.

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அந்த வருடம் முழுவதிலும் எங்கள் ஊர் மாட்டுங்கா என்பதை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே அதிகாரி அவர்தான்.